மிக்கி மவுஸ் தாத்தாவின் இருட்டு ரூம்... கார்ட்டூனுக்குப் பயமுறுத்தக் கற்றுக்கொடுத்த வால்ட் டிஸ்னி!

டிஸ்னி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கோட்டை, வாணவேடிக்கை, பாட்டுப் பாடும் இளவரசி, பெரிய காது வைத்த ஒரு எலி. நீங்க தீவிர ஹாரர் ரசிகரா இருந்தா, இது நமக்கான ஏரியா இல்லைன்னு அடுத்த படத்துக்கு ஸ்க்ரோல் பண்ணிப் போயிருப்பீங்க.

கொஞ்சம் நில்லுங்க. 'கோரலைன்' படத்தில் பட்டன் கண் அம்மாவைப் பார்த்து நடுங்கியிருக்கீங்களா? 'பெர்ஃபெக்ட் ப்ளூ' பார்த்துட்டு லைட்டைப் போட்டுத் தூங்கியிருக்கீங்களா? கார்ட்டூனுக்குப் போய் யாராவது பயப்படுவாங்களா என்று ஃப்ரெண்ட்ஸ் உங்களைக் கலாய்த்திருக்காங்களா? அப்படின்னா இந்த மீசைக்கார மனிதரை நீங்க தெரிஞ்சுக்கணும். வரைந்த உருவத்தைப் பார்த்து தியேட்டரே நடுங்கும் என்று சொந்த வீட்டையே பணயம் வைத்துக் காட்டியவர் இவர்தான். இறந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் அனிமேஷன் ஹாரரின் பல வித்தைகள் அவர் ஸ்டூடியோவில் பிறந்தவைதான்.

ஆந்தையும் அதிகாலைப் பேப்பரும்

1901 டிசம்பர் 5-ம் தேதி சிகாகோவில் பிறந்தார் வால்ட். அப்பா எலியாஸ், அம்மா ஃப்ளோரா. அவருக்கு 4 வயது இருக்கும்போது, 1906-ல், குடும்பம் மிசௌரி மாநிலத்தில் மார்சலின் என்ற சின்ன ஊருக்குக் குடிபோனது. பண்ணை, ஆப்பிள் மரங்கள், ஆடு மாடு, பக்கத்தில் ரயில் பாதை. டிஸ்னி படங்களில் வரும் அழகான கிராமத்துக்கெல்லாம் விதை இந்த ஊர்தான்.

ஆனால், அந்த அழகுக்குள்ளேயே ஒரு இருட்டுக் கதையும் உண்டு. வால்ட்டின் வாழ்க்கை வரலாறுகளில் திரும்பத் திரும்ப வரும் கதை அது. 7 வயது வாக்கில் தோட்டத்தில் பகலில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு ஆந்தையைப் பின்னாலிருந்து பிடித்திருக்கிறான் சிறுவன். அது நகத்தால் பிறாண்ட, பயந்துபோய்க் கீழே அடித்து மிதித்துவிட்டான். ஆந்தை செத்துப்போனது. அந்த நினைப்பு பல வருஷம் கனவில் வந்து துரத்தியதாகச் சொல்வார்கள். இந்த ஆந்தையைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கோங்க. பின்னாடி வரும்.

பண்ணை நஷ்டப்பட்டு, 1911-ல் குடும்பம் கன்சாஸ் சிட்டிக்கு நகர்ந்தது. அப்பா பேப்பர் ஏஜென்ஸி எடுத்தார். வால்ட்டும் அண்ணன் ராயும் விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து வீடு வீடாகப் பேப்பர் போட வேண்டும். முட்டி அளவு பனி கொட்டினாலும் லீவு கிடையாது. ஆறு வருஷம் இந்த வாழ்க்கை. சம்பளமும் இல்லை. உலகமே கொண்டாடும் ஆளான பிறகும், ஏதோ ஒரு வீட்டுக்குப் பேப்பர் போட மறந்துவிட்ட மாதிரி கனவு கண்டு வியர்த்து எழுந்திருக்கிறார் வால்ட்.

யோசிச்சுப் பாருங்க... பேய் இல்லை, பிசாசு இல்லை. இருட்டுத் தெரு, தனியா ஒரு சின்னப் பையன், தப்பு பண்ணிட்டோமோ என்ற பயம். பிறகு அவர் எடுத்த படங்களில் நம்மை உலுக்கும் காட்சிகள் எல்லாவற்றிலும் இந்தப் பையன் ஏதோ ஒரு ரூபத்தில் இருப்பான்.

கையில் 40 டாலர், பக்கத்தில் ஒரு எலி

முதல் உலகப்போர் முடிந்த நேரத்தில், வயதைக் கூட்டிச் சொல்லி செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்து ஃபிரான்ஸில் ஆம்புலன்ஸ் ஓட்டினார் வால்ட். திரும்பி வந்ததும் கன்சாஸ் சிட்டியில் விளம்பரப் படம் வரையும் வேலை. அங்கேதான் அப் ஐவர்க்ஸைச் சந்தித்தார். மின்னல் வேகத்தில் வரையும் ஆள். இந்த நட்பு இல்லையென்றால் டிஸ்னி என்ற பெயரே நமக்குத் தெரிந்திருக்காது.

1922-ல் 'லாஃப்-ஓ-கிராம்' என்று ஒரு ஸ்டூடியோ ஆரம்பித்து, அடுத்த வருஷமே திவால். சுமார் 40 டாலரோடு ஹாலிவுட்டுக்கு ரயில் ஏறினார் என்று சொல்வார்கள். காசநோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த அண்ணன் ராயைச் சேர்த்துக்கொண்டு 1923 அக்டோபரில் புதுக் கம்பெனி. 'ஆஸ்வால்ட்' என்ற முயல் கார்ட்டூன் ஹிட் அடித்தது. ஆனால், முயலின் உரிமை வால்ட்டிடம் இல்லை. 1928-ல் முயலும் போனது, கூட வேலை பார்த்த பல ஓவியர்களும் எதிர்முகாமுக்குப் போனார்கள். ஐவர்க்ஸ் போகவில்லை. இருவரும் சேர்ந்து உருவாக்கியவன்தான் மிக்கி மவுஸ். 1928 நவம்பர் 18-ல் நியூயார்க்கில் 'ஸ்டீம்போட் வில்லி' ஓடியது. ஒலியோடு ஒட்டி ஆடிய அந்த எலியை ஊரே கொண்டாடியது.

இந்த இடத்தில் சாதாரண ஆள் என்ன செய்வார்? எலியை வைத்தே பத்துப் படம் எடுத்துத் தள்ளுவார். வால்ட் சுடுகாட்டுக்குப் போனார்.

நாலு எலும்புக்கூடு, ஒரு டான்ஸ்

கன்சாஸ் சிட்டி தியேட்டரில் ஆர்கன் வாசித்த கார்ல் ஸ்டாலிங்தான் அப்போது டிஸ்னியின் இசையமைப்பாளர். படத்துக்கு இசை போடுவதற்குப் பதில், இசைக்காகவே படம் எடுத்தால் என்ன, எலும்புக்கூடுகளை ஆடவிட்டால் என்ன என்பது அவர் யோசனை. வால்ட் பிடித்துக்கொண்டார். ஏறக்குறைய மொத்தப் படத்தையும் ஐவர்க்ஸ் தனி ஆளாக வரைந்தார். 1929-ல் வந்தது 'தி ஸ்கெலிட்டன் டான்ஸ்'.

முதல் காட்சியே இருட்டில் இரண்டு கண்கள். மெல்ல விலகினால்... ஆந்தை! காற்று, மின்னல், சர்ச் மணிக்கூண்டு, கல்லறை மேல் முடி சிலிர்க்கச் சண்டை போடும் இரண்டு கறுப்புப் பூனைகள். பிறகு கல்லறைக்குப் பின்னாலிருந்து எழும் எலும்புக்கூடு நேராக நம்மைப் பார்த்துப் பாய்ந்து, வாயைத் திறந்து கேமராவையே விழுங்கிவிட்டுப் போகிறது. 1929-ல் ஒரு ஜம்ப் ஸ்கேர் பாஸ்! அடுத்த நிமிஷமே அதே கூடு இன்னொரு கூட்டின் முதுகெலும்பை சைலோஃபோன் மாதிரித் தட்டி வாசிக்க, தியேட்டர் சிரிக்கிறது. மொத்தமே ஐந்தரை நிமிஷம்தான்.

விநியோகஸ்தருக்குப் பிடிக்கவில்லை. எலும்பெல்லாம் வேண்டாம், எலியையே அனுப்புங்கள் என்கிற ரீதியில் பதில் வந்ததாகச் சொல்வார்கள். வால்ட் விடவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் தியேட்டர் ஒன்றில் போட்டுக் காட்டி, கைதட்டல் வாங்கி, அதையே 'சில்லி சிம்பனீஸ்' என்ற தொடரின் முதல் படமாக்கினார்.

அனிமேஷன் ஹாரர் நமக்கு ஏன் பிடிக்குது என்பதற்கான முதல் பதில் இங்கேயே இருக்கு. மேக்கப் போட்ட நடிகரைப் பார்க்கும்போது, இது ரப்பர், இது சாயம் என்று மூளை ஒரு மூலையில் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். வரைந்த உலகத்தில் அந்தக் கணக்கே செல்லாது. எலும்புக்கூடும் அதே கோடு, பூனையும் அதே கோடு, நிலாவும் அதே கோடு. ஒன்றை நம்பினால் எல்லாத்தையும் நம்பித்தான் ஆகணும். எது வேண்டுமானாலும் எதுவாக வேண்டுமானாலும் மாறலாம் என்ற உலகத்துக்குள் வந்துட்டோம் என்பதுதான் முதல் பயம்.

1933-ல் மிக்கியையும் விட்டுவைக்கவில்லை. 'தி மேட் டாக்டர்' என்ற குறும்படத்தில் ஒரு கிறுக்கு டாக்டர் ப்ளூட்டோவைக் கடத்திப்போகிறார். நாயின் தலையை வெட்டிக் கோழி உடம்பில் ஒட்டிப் பார்ப்பது அவர் திட்டம்! இரண்டு வருஷம் முன்புதான் 'ஃபிராங்கன்ஸ்டைன்' படம் வந்திருந்தது. அந்த ஜுரத்தை அப்படியே கார்ட்டூனுக்குள் இறக்கிவிட்டார்கள். கடைசியில் எல்லாமே மிக்கியின் கனவு. ஆனாலும், அதற்குள் பார்க்கிறவர் நகத்தைக் கடித்து முடித்திருப்பார்.

வீட்டை அடமானம் வைத்து எடுத்த பயம்

1934-ல் வால்ட் ஒரு முடிவெடுத்தார். முழுநீளக் கார்ட்டூன் படம். ஹாலிவுட்டே சிரித்தது. 80 நிமிஷம் யார் உட்கார்ந்து கார்ட்டூன் பார்ப்பார்கள்? டிஸ்னியின் முட்டாள்தனம் என்றே அதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். இரண்டரை லட்சம் டாலர் என்று ஆரம்பித்த பட்ஜெட், 15 லட்சம் டாலரைத் தொட்டது. வால்ட் வீட்டை அடமானம் வைத்தார். அதுவும் போதாமல், முடியாத படத்தைப் பேங்க் அதிகாரிக்குப் போட்டுக் காட்டிக் கடன் வாங்க வேண்டியிருந்தது.

ஜோக் மட்டும் வைத்து 80 நிமிஷம் ஓட்ட முடியாது என்பது வால்ட்டுக்குத் தெரிந்திருந்தது. பார்க்கிறவர் அழணும், பயப்படணும். வெறும் கோட்டுச் சித்திரமான ஒரு பெண் செத்துவிடுவாளோ என்று நிஜமாகவே பதறணும். அதனால் 'ஸ்னோ ஒயிட்' படத்தின் முதுகெலும்பாக அவர் வைத்தது ராணியை.

ஹாரர் ரசிகரா அந்தப் படத்தை மறுபடி பாருங்க. காட்டுக்குள் ஓடும் பெண்ணின் உடையை மரக்கிளைகள் கைகளாக மாறிப் பிடித்து இழுக்கின்றன. இருட்டு முழுக்கக் கண்கள். ஆற்றில் மிதக்கும் கட்டைகள் முதலைகளாக வாய் பிளக்கின்றன. பிறகு ராணி மருந்தைக் குடித்துக் கிழவியாகும் காட்சி. கை சுருங்குகிறது, குரல் உடைகிறது, முகத்தை மறைத்த கை மெல்ல விலகுகிறது. 1931-ல் வந்த 'டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்' படத்தின் உருமாற்றக் காட்சிதான் இதற்கு முன்மாதிரி. அங்கே ஒரு நடிகரின் முகத்தோடு முடிந்த விஷயத்தை, இங்கே எலும்பு வரைக்கும் மாற்றிக் காட்ட முடிந்தது. ராணிக்கும் கிழவிக்கும் குரல் கொடுத்தது லூசில் லா வெர்ன் என்ற ஒரே நடிகை. கிழவி குரலுக்காகத் தன் பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினாராம்!

இன்னொரு காட்சி. பாதாளச் சிறையில் தண்ணீர் ஜாடியை எட்ட முடியாமல் கை நீட்டியபடியே செத்துப்போன எலும்புக்கூடு. கிழவி அந்த ஜாடியை அதன் மேலேயே உதைத்துவிட்டுச் சிரிக்கிறாள். காலி ஜாடியிலிருந்து சிலந்தி ஓடுகிறது. இதைக் குழந்தைகள் படம் என்று யார் சொன்னது?

கிழவி சாகும் இடத்தில் ரத்தமே இல்லை. மின்னல் அடிக்கிறது, பாறை உடைகிறது, அவள் விழுகிறாள். மேலே கிளையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு கழுகுகள் மெதுவாக, ரொம்ப மெதுவாக, வட்டமடித்து இறங்குகின்றன. அவ்வளவுதான். மீதியை நம்ம தலைக்குள் ஓடவிட்டுவிட்டார்கள்.

1937 டிசம்பர் 21-ல் படம் வெளியானது. சிரித்த ஹாலிவுட் எழுந்து நின்று கைதட்டியது. பிரிட்டிஷ் சென்சார் மட்டும் பயந்துபோய், சிறுவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம் என்று 'ஏ' சான்றிதழ் கொடுத்தது. ஒரு கார்ட்டூனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு உண்டா என்ன?

ஒரு நவம்பர் காலை

படம் கொட்டிய பணத்தில் வால்ட்டும் ராயும் அப்பா அம்மாவுக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு வீடு வாங்கிக் கொடுத்தார்கள். வாழ்க்கை முழுக்கக் கஷ்டப்பட்ட பெற்றோருக்கு மகன்கள் கொடுத்த பரிசு. அந்த வீட்டைச் சூடேற்றும் உலையில் கோளாறு. 1938 நவம்பர் 26-ம் தேதி காலை விஷவாயு வீட்டுக்குள் பரவி அம்மா ஃப்ளோரா இறந்துபோனார். அப்பாவை மட்டும் காப்பாற்ற முடிந்தது.

அதன்பிறகு வால்ட் இதைப் பற்றி வெளியில் பேசியதே அபூர்வம். தான் வாங்கிக் கொடுத்த வீடே அம்மாவைக் கொன்றுவிட்டது என்ற பாரத்தை ஒரு மகன் எப்படிச் சுமந்திருப்பான் என்று நாம ஊகிக்கத்தான் முடியும்.

டிஸ்னி படங்களில் அம்மாக்கள் இல்லாமல் போவதற்கு இதுதான் காரணம் என்று நெட்ல நிறைய வீடியோ பார்த்திருப்பீங்க. தேதியைப் பாருங்க. 'ஸ்னோ ஒயிட்' வந்தது 1937. அம்மா இறந்தது 1938. அந்தக் கதையிலும் தாயில்லை. அது பழைய ஜெர்மானியக் கதை. 'பாம்பி'யின் அம்மா இறப்பது ஃபெலிக்ஸ் சால்டன் எழுதிய நாவலிலேயே இருக்கிறது. ஆக, துக்கத்திலிருந்து படம் பிறந்தது என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. தாயில்லாத பிள்ளைகளின் கதையை ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்த ஒருவர், திடீரென்று தானே அந்தக் கதைக்குள் விழுந்தார் என்பதுதான் நிஜம். எனக்கு அதுதான் இன்னும் கனமாகத் தெரிகிறது.

கழுதையாகும் பையன்

அப்போது ஸ்டூடியோவில் தயாராகிக்கொண்டிருந்தது 'பினாக்கியோ'. 1940 பிப்ரவரியில் வெளிவந்தது. டிஸ்னி எடுத்த படங்களிலேயே ஆகப் பயங்கரமான காட்சி எது என்று கேட்டால், பல ஹாரர் ரசிகர்கள் இதைத்தான் கைகாட்டுவார்கள்.

இஷ்டத்துக்குச் சாப்பிடலாம், புகைக்கலாம், உடைக்கலாம் என்று பையன்களை ஒரு தீவுக்குக் கூட்டிப்போகிறான் ஒருவன். அங்கே லாம்ப்விக் என்ற பையனுக்கு முதலில் காது முளைக்கிறது. பிறகு வால். சிரிக்கிறான், சிரிப்பு கழுதைக் கனைப்பாக வருகிறது. கண்ணாடியில் தன்னைப் பார்த்ததும் அலறுகிறான். பினாக்கியோவின் தோளைப் பிடித்துக் கெஞ்சும்போதே விரல்கள் குளம்பாகின்றன. மீதியைச் சுவரில் விழும் நிழலில்தான் காட்டுகிறார்கள். அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே குரலும் கனைப்பாகி முடிகிறது.

இதை நிஜ நடிகரை வைத்து எடுத்தால் மேக்கப் எங்கே ஆரம்பிக்குது என்று கண் தேடும். அனிமேஷனில் தையல் தெரியாது. ஒரு பையனின் கோடு நம்ம கண் முன்னாலேயே மிருகத்தின் கோடாகிறது. உடம்பு உருக்குலையும் 'பாடி ஹாரர்' படங்கள் உங்களுக்குப் பிடிக்கும்னா, அதன் மிகச் சுத்தமான வடிவம் இந்த இரண்டு நிமிஷம்தான்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கு. பினாக்கியோ தப்பித்துவிடுகிறான். மற்ற பையன்கள்? படம் முடியும்வரை யாரும் அவர்களைக் காப்பாற்றப் போவதே இல்லை. கழுதைகளாக விற்கப்பட்டவர்கள் விற்கப்பட்டவர்கள்தான்.

மலை விரித்த சிறகு

அதே 1940 நவம்பரில் 'ஃபான்டேசியா'. ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் இசைக்கு ஒரு பகுதி வரும். ஊருக்கு மேலே ஒரு மலை. அதன் உச்சி சிறகாக விரிகிறது. அப்போதுதான் தெரிகிறது, அது மலை உச்சி இல்லை, செர்னபாக் என்ற பேய்க் கடவுள். அதன் கையின் நிழல் நீண்டு ஊரைத் தடவ, கல்லறைகளிலிருந்து ஆவிகள் எழுகின்றன. உள்ளங்கையில் ஆடும் நெருப்பு அழகிகளாகி, மிருகங்களாகி, குட்டிப் பிசாசுகளாகிறது.

இதை வரைந்தவர் பில் டைட்லா. போஸ் கொடுக்க வரவழைக்கப்பட்டது யார் தெரியுமா? டிராகுலாவாக நடித்த பெலா லுகோஸி! ஆனால், டைட்லாவுக்குத் திருப்தி இல்லை. அந்தப் பகுதியின் இயக்குநர் வில்ஃபிரட் ஜாக்ஸனைச் சட்டையில்லாமல் நிற்கவைத்து அவர் அசைவைப் பார்த்து வரைந்துகொண்டார். உலகப் புகழ் டிராகுலாவைவிட ஆபீஸ்ல பக்கத்து ரூம்காரர் நல்ல பேயாக இருந்திருக்கிறார்.

சர்ச் மணி அடிக்க, பேய்க் கடவுள் வலியில் சுருங்கி மறுபடி மலையாகிறது. இதைத்தான் வால்ட் எப்போதும் செய்தார். பயத்தின் உச்சிவரை கூட்டிப்போவார். பிறகு கையைப் பிடித்து இறக்கியும் விடுவார்.

வாசலில் நின்ற ஓவியர்கள்

இதுவரை படிச்சதை வெச்சு வால்ட்டை ஹீரோவாக்கி முடித்துவிட முடியாது. இத்தனை பயங்களில் ஒன்றைக்கூட அவர் கையால் வரையவில்லை. 1920-களின் நடுவிலேயே அவர் வரைவதை நிறுத்திவிட்டார். கதையைத் தேர்ந்தெடுப்பது, நடித்துக் காட்டுவது, சரியில்லை என்றால் தூக்கிப்போடுவது, பணத்துக்கு அலைவது, இதுதான் அவர் வேலை. வரைந்தவர்களின் பெயர் பல குறும்படங்களில் திரையில்கூட வராது. வால்ட் டிஸ்னி என்ற ஒரே பெயர்தான் வரும்.

'ஃபான்டேசியா'வும் 'பினாக்கியோ'வும் ஐரோப்பியப் போரால் நஷ்டப்பட, ஸ்டூடியோவில் வேலை நீக்கமும் சம்பளப் பாகுபாடும் புகைந்தன. 1941 மே 29-ல் ஓவியர்கள் ஸ்ட்ரைக்கில் இறங்கினார்கள். முன்னணியில் நின்றவர் ஆர்ட் பாபிட். ஸ்னோ ஒயிட்டின் ராணியை உயிர்ப்பித்தவர். யூனியனில் தீவிரமாக இருந்ததால் வால்ட் அவரை வேலையிலிருந்து நீக்கியிருந்தார். பேய்க் கடவுளை வரைந்த டைட்லாவும் வாசலில் போய் நின்றார். வால்ட்டின் ராணியும் பிசாசும் அவருக்கு எதிராகவே கொடி பிடித்த மாதிரி ஒரு காட்சி!

வால்ட் இதைத் துரோகமாகவே எடுத்துக்கொண்டார். கடைசிவரை மன்னிக்கவில்லை. 1947-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் போய், தன்னிடம் வேலை பார்த்தவரையே கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டுச் சாட்சி சொன்னார். டைட்லா 1943-ல் ஸ்டூடியோவை விட்டே போனார். அந்த அளவுக்கு உக்கிரமான ஒரு பேயை டிஸ்னி ஸ்டூடியோவால் பிறகு வெகுகாலம் வரைய முடியவில்லை. பயத்தை வரைவதும் ஒரு கைத்தொழில்தான். அந்தக் கைகள் போனால் பயமும் போய்விடும்.

பேய்களுக்கு ஒரு வீடு

ஆனாலும், இருட்டு முழுசாக விட்டுப்போகவில்லை. 1942-ல் 'பாம்பி'. துப்பாக்கிச் சத்தம், பனி, அம்மாவைத் தேடும் மான்குட்டி. வேட்டைக்காரனைக் காட்டவே இல்லை. அதனால்தான் அவன் எங்கேயும் இருப்பது போல இருக்கும். 1949-ல் தலையில்லாக் குதிரைவீரன் துரத்தும் 'இக்கபாட்' கதை. 1959-ல் 'ஸ்லீப்பிங் பியூட்டி'யில் பச்சை நெருப்போடு டிராகனாகும் மெலஃபிசென்ட்.

1955-ல் டிஸ்னிலேண்ட் திறந்தார் அல்லவா? அதில் ஒரு பேய் வீடு வேண்டும் என்று ஆசைப்பட்டார். வெளியே பார்க்கப் பாழடைந்து இருக்கக் கூடாது, பளிச்சென்று இருக்கணும், உள்ளேதான் பேய்கள் என்பது அவர் கண்டிஷன். 1963-ல் கட்டடம் எழும்பியது. உள்ளே என்ன வைப்பது? பயமா, சிரிப்பா? டீமுக்குள் முடிவில்லாத வாக்குவாதம். கட்டடம் பல வருஷம் காலியாகவே கிடந்தது.

அந்த முடிவைப் பார்க்க வால்ட் இல்லை. வாழ்க்கை முழுக்கச் சங்கிலியாகப் புகைத்தவர். 1966 நவம்பரில் நுரையீரல் புற்றுநோய் தெரிந்தது. டிசம்பர் 15-ல், ஸ்டூடியோவுக்கு எதிரே இருந்த ஆஸ்பத்திரியில் இறந்தார். வயது 65. பேய் வீடு 1969-ல் திறந்தது, பாதி பயம், பாதி சிரிப்போடு. 'ஸ்கெலிட்டன் டான்ஸ்' எடுத்தவருக்கு அதைவிடப் பொருத்தமான முடிவு கிடையாது.

அவர் உடம்பை ஐஸில் உறைய வைத்திருக்கிறார்கள் என்ற வதந்தியை நீங்களும் ஃபார்வேர்டு பண்ணியிருப்பீங்க. பொய். இரண்டே நாளில் தகனம் முடிந்தது. அப்படி உறைய வைக்கப்பட்ட முதல் மனிதர் வேறொருவர், அதுவும் 1967 ஜனவரியில்தான்.

அவர் விட்டுப்போன இருட்டு

1977-ல் வந்த இத்தாலிய ஹாரர் க்ளாசிக் 'சஸ்பீரியா'வின் அந்தக் கண்ணைப் பறிக்கும் சிவப்பும் நீலமும் எங்கிருந்து வந்தது தெரியுமா? இயக்குநர் டாரியோ அர்ஜென்டோ மாதிரியாக எடுத்துக்கொண்டது 'ஸ்னோ ஒயிட்'டின் நிறங்களை. ஜப்பானில் மாங்காவின் தந்தை ஒசாமு தெசுகா டிஸ்னி படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து வளர்ந்தவர். அவர் போட்ட பாதையில்தான் பின்னாளைய அனிமே உலகமே நடந்தது. வால்ட் கடைசிக் காலத்தில் முன்னின்று உருவாக்கிய கால்ஆர்ட்ஸ் கல்லூரியில் படித்தவர்கள்தான் டிம் பர்ட்டனும் ஹென்றி செலிக்கும். 1993-ல் 'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்மஸ்', பிறகு செலிக்கின் 'கோரலைன்'. சங்கிலி புரியுதா?

இன்னிக்கு ராத்திரி ஆரம்பிக்கணும்னா இப்படிப் போங்க. முதலில் 'தி ஸ்கெலிட்டன் டான்ஸ்', காதில் ஹெட்போனோடு. எலும்பின் ஒவ்வொரு அசைவும் இசையின் ஒவ்வொரு தட்டில் விழுவதைக் கவனிங்க. அடுத்து 'ஃபான்டேசியா'வின் மலைக் காட்சி, போன் வேண்டாம், முடிந்தவரை பெரிய திரையில். பிறகு முழு 'பினாக்கியோ'. தீவுக் காட்சியில் சுவர் நிழலை மட்டும் பாருங்க.

கார்ட்டூனுக்குப் போய்ப் பயப்படுறியா என்று அடுத்த தடவை யாராவது கலாய்த்தால், அந்த நிழல் காட்சியைப் போட்டுக் காட்டுங்க. வேற விளக்கமே தேவைப்படாது!